இரண்டாம் எதிர்மனுதாரர்

6.2.2023

வக்கீல் திரவியம் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். "தெனமும் வலி எப்படி இருக்கு, என்ன வேலை செய்ய முடியலைன்னு தேதி போட்டு எழுதி வைங்கம்மா. பின்னால கேஸுக்கு உதவும்" என்றார். வலியை எழுதி வைத்தால் அதற்கும் ஒரு மரியாதை வந்துவிடும் போலிருக்கிறது.

நடந்ததை முதலில் எழுதுகிறேன். போன நவம்பரில், மழைக் காய்ச்சல் வருமுன் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில் முகாம் நடத்தினார்கள். இலவசம் கிடையாது. காசு கட்டி ரசீது வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். ஊசி போட்டவள் ஜெபக்கனி. அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ், பின்தெருக்காரி. நான் இந்தத் தெருவில் தையல் மெஷின் போட்ட நாளிலிருந்து அவளுடைய ஜாக்கெட் எல்லாம் என் தையல்தான். அளவு ஜாக்கெட் கூடக் கொண்டுவர மாட்டாள். அவள் உடம்பு எனக்கு மனப்பாடம்.

மண்டபத்தில் மறைப்பு ஒன்றும் இல்லை. ஆண்கள் வரிசை இரண்டடி தள்ளி நின்றது. நாற்காலியை இடது பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டு, என் உடம்பை ஆண்களுக்கு மறைத்தாற்போல் உட்கார வைத்தாள் ஜெபக்கனி. அதனால் அவள் பக்கம் இருந்தது வலது கை. நான் போட்டிருந்த ஜாக்கெட் முழங்கை வரை கை வைத்தது, இறுக்கமானது, நானே தைத்தது. மேலே சுருட்டினால் ஏறவில்லை. ஊக்கைக் கழற்றிக் கையை வெளியே எடுக்க அந்த இடத்தில் யாரால் முடியும்? "இருக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்று கழுத்துப் பக்கமாகத் துணியை இழுத்துத் தோளின் உச்சியில் குத்தினாள். எலும்பில் ஆணி அடித்தமாதிரி இருந்தது. அவளிடம் சொன்னேன். "ரெண்டு நாள்ல சரியாயிரும்க்கா" என்றாள்.

மூன்று மாதம் ஆகிறது. கை தோளுக்கு மேலே போகவில்லை.

7.2.2023

வலி.

12.2.2023

தலை பின்ன முடியவில்லை. வீட்டுக்காரர்தான் பின்னிவிடுகிறார். பாத்திரக் கடையில் சணல் போட்டுக் கட்டுகிற கை, பின்னலும் அப்படியே வருகிறது. ஜாக்கெட்டுக்குள் கையை நுழைக்க முடியாததால் வீட்டில் நைட்டிதான். ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தவள் நைட்டியில் கிடக்கிறேன்.

மெஷினில் உட்கார்ந்து பார்த்தேன். துணியைத் தள்ளக் கை வருகிறது. வெட்ட வரவில்லை. மேசையின் மறுமுனைக்குக் கத்தரிக்கோலைக் கொண்டுபோனால் உயிர் போகிறது. முகூர்த்தச் சீசன். ஒப்புக்கொண்ட துணிகளை எல்லாம் திருப்பி அனுப்பினேன். அதில் இரண்டு பேர் இனி இந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

21.2.2023

எலும்பு டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார். உள்ளே நீர் கட்டி, வீங்கி, தோள் இறுகிப் போயிருக்கிறதாம்.

சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று கேட்டார். நிற்கப்போகிறது. என்ன வேலை என்று கேட்டார். தையல் என்றதும் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப தையல்னாலதாம்மா."

"இருபது வருஷமா தைக்கேன் டாக்டர். ஊசி போட்ட அன்னைக்குச் சாயங்காலந்தான் தோள் போச்சு" என்றேன்.

"இருக்கலாம். தோள்ல மேல போட்டா மூட்டுக்குள்ள எறங்கி இப்படி ஆகிறது உண்டு. ஆனா எழுதித் தரமாட்டேன். நாங்க எல்லாரும் ஒரே ஊர்ல தொழில் பண்றோம்."

வாயால் சொல்வார், பேனாவால் சொல்ல மாட்டார். ஃபீஸ் மட்டும் முழுதாக வாங்கிக்கொண்டார்.

26.2.2023

ஜெபக்கனி வந்தாள். மீன் குழம்பு கொண்டுவந்தாள். தோளைத் தொட்டுப் பார்த்தாள். கேஸ் போடப்போவதாகச் சொன்னேன். "போடுங்க்கா. அந்த ஆஸ்பத்திரி மேனேஜருக்கு வேணும்" என்றாள். குழம்பில் உப்பு கொஞ்சம் கூடுதல்.

3.3.2023

திரவியம் மனுவைப் படித்துக் காட்டினார். எழுத்தெல்லாம் ஆங்கிலம், அவர் வாயில் மட்டும் தமிழ். முதலாம் எதிர்மனுதாரர் ஆஸ்பத்திரி. இரண்டாம் எதிர்மனுதாரர் என்று ஒரு பெயரைச் சொன்னார். ஜெபக்கனியின் பெயர்.

"அவ பேரு எதுக்கு சார்?"

"ஊசி போட்டவங்கள சேக்காம விட்டா, 'எங்க மேல தப்பில்ல, போட்டவங்களக் கேளுங்க'ன்னு ஆஸ்பத்திரிக்காரன் தப்பிச்சிருவாம்மா. சும்மா பேருக்குத்தான். குடுக்கப் போறது ஆஸ்பத்திரிதான்."

பக்கத்தில் இவர் தலையாட்டினார். பாத்திரக் கடையில் முப்பது வருடம் நின்றதில், எதிரில் பேசுகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டப் பழகிவிட்டது. கையெழுத்துப் போட்டேன்.

14.3.2023

நோட்டீஸ் போய்விட்டது. ஜெபக்கனி அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"எம்பேரும் போட்டிருக்கேக்கா."

"பேருக்குத்தான் ஜெபக்கனி. வக்கீல் சொன்னாரு."

"எனக்குன்னு வக்கீல் யாரு இருக்கா? ஆஸ்பத்திரிலதான் கேக்கணும்."

"கேளு. அவங்க பாத்துக்கிடுவாங்க."

காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். உட்காரச் சொன்னேன், டியூட்டி இருக்கிறது என்றாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு டியூட்டி கிடையாது.

15.3.2023

எதிர்மனுதாரர்களோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று திரவியம் போனில் சொன்னார். சரி என்றேன். நானா போய்ப் பேசப்போகிறேன்?

2.4.2023

காலையில் ஏழரை மணி போல வாசலில் நின்றேன். குப்பை வண்டிக்காக. ஜெபக்கனி டியூட்டிக்குப் போனாள். தலையைத் திருப்பாமல் போனாள்.

இவர் உள்ளேயிருந்து, "ஞாயித்துக்கிழம குப்பை வண்டி எங்க வரும்? அங்கன என்னத்துக்கு நிக்க?" என்று கேட்டார். எல்லாவற்றையும் கவனிக்கிற மனுஷன், மனுவில் தலையாட்டும்போது மட்டும் கவனிக்கவில்லை.

19.6.2023

எதிர்த்தரப்புப் பதில் வந்திருக்கிறது. இரண்டு எதிர்மனுதாரர்களுக்கும் சேர்த்து ஆஸ்பத்திரி வக்கீலே எழுதியிருக்கிறார். திரவியம் தமிழில் சொல்லச் சொல்ல எனக்குக் காது சூடாகிவிட்டது.

மனுதாரர் தையல்காரர். தாமே தைத்த, அளவுக்கு மீறி இறுக்கமான கையுள்ள உடையில் முகாமுக்கு வந்தார். கையைத் திறந்து காட்டும்படி செவிலியர் பலமுறை கேட்டும் மறுத்துவிட்டார். தோள் பக்கமாகவே போடும்படி வற்புறுத்தினார். தோள் வலி அவருடைய தொழிலாலும் வயதாலும் வந்தது.

கடைசியில் ஜெபக்கனியின் கையெழுத்து. அழகாக, சாய்த்து, தமிழில் போட்டிருக்கிறாள்.

நான் வற்புறுத்தினேனாம். என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததா? அவள் கேட்கவே இல்லை, நானும் மறுக்கவே இல்லை. இரண்டு பேருக்கும் கூச்சம், அவ்வளவுதான். என்னிடம் தைத்த துணியைப் போட்டுக்கொண்டு போய் எனக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மீன் குழம்பு கொண்டுவந்த கையால்.

நன்றாக இருக்கட்டும்.

20.6.2023

தூங்கவில்லை. வலியால்தான்.

8.8.2023

நுகர்வோர் ஆணையத்தில் வாய்தா. உறுப்பினர் வரவில்லை.

12.9.2023

வாய்தா. ஆஸ்பத்திரி வக்கீல் வரவில்லை.

மாதம் ஒருமுறை சேலை கட்டி, இவர் ஜாக்கெட்டின் ஊக்குகளை மாட்டிவிட்டு, ஆட்டோ பிடித்துப் போய், மின்விசிறி ஓடாத வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். நஷ்ட ஈடு கேட்டு வந்தவர்கள் வரிசையாக இருக்கிறோம். பக்கத்தில் ஒருவர், வாங்கின நாளிலிருந்து குளிராத ஃபிரிட்ஜுக்காக நான்கு வருடமாக நடக்கிறாராம். அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்கள், மனுஷன் நடையை நிறுத்தவில்லை.

17.10.2023

இன்று விசாரணை நடந்தது. அந்த ஜாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பச்சை, ஓரத்தில் மெல்லிய ஜரிகை. துவைத்து மடித்துக் கொண்டுபோனேன்.

ஆஸ்பத்திரி வக்கீல் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். ஆண்கள் நிறைந்த அறையில் என் ஜாக்கெட் தொங்கியது. முகாமில் எந்தக் கூச்சத்துக்குப் பயந்தேனோ, அதை ஆணையத்தில் வைத்து முழுதாகக் கொடுத்துவிட்டார்கள்.

"இந்தக் கை சுற்றளவு எத்தனை அங்குலம்?"

"பதினொண்ணு சார்."

"உங்க கை?"

"அதேதான். ஜாக்கெட்டுன்னா அப்படித்தான் தைப்போம். தொளதொளன்னு தைச்சா அடுத்த தடவ யாரு எங்கிட்ட வருவா?"

உறுப்பினர்களில் ஒருவர் பெண். அவர் தம்முடைய கையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அவர் ஜாக்கெட்டும் இறுக்கம்தான். "வக்கீல் சார், ஊர்ல எல்லாப் பொம்பளைங்களும் இப்படித்தான் போடறாங்க. முகாம் நடத்தறவங்களுக்கு அது தெரியாதா? மறைப்பு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார்.

வக்கீல் புத்தகத்தைப் புரட்டினார். எனக்கு அந்த அம்மாவுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுக்க வேண்டும்போல இருந்தது. முதுகில் பிடிப்பு சரியில்லாமல் போட்டிருந்தார்.

25.12.2023

கிறிஸ்துமஸ். வருடா வருடம் ஜெபக்கனி வீட்டிலிருந்து கேக்கும் முறுக்கும் வரும். இன்று வரவில்லை. வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அவள் கோயிலுக்குப் போகும்போது பார்த்தேன். சாக்லேட் நிறப் பட்டு. ஜாக்கெட் கடையில் எடுத்த ரெடிமேட். தோளில் இறங்கி, அக்குளில் பொங்கி, முதுகில் சுருக்கம். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைகூட நிற்கவில்லை.

9.1.2024

திரவியம் மதுரையில் ஒரு டாக்டரைப் பிடித்துவிட்டார். ஊசி மூட்டுக்குள் போனதால் வந்த பாதிப்பு என்று எழுதியே கொடுத்துவிட்டார். இதற்கு ஆங்கிலத்தில் தனிப் பெயரே இருக்கிறதாம், உலகம் முழுக்க நடக்கிறதாம். அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டியதும் அழுதுவிட்டேன். ஒரு வருடமாக எல்லோரும் நான் நடிப்பதுபோலவே பார்த்தார்கள். இவர்கூட ஒருநாள், "மனசுல தைரியம் வச்சா கை மேல போவும்" என்று சொல்லியிருக்கிறார்.

சாவித் துவாரம் அளவு ஓட்டை போட்டு இறுக்கத்தை எடுக்கிற ஆபரேஷன் செய்தால் கை திரும்ப வரலாமாம். தள்ளிப்போடப் போட வாய்ப்பு குறையும் என்று மதுரை டாக்டர் சொன்னார். பணத்துக்கு எங்கே போவது? கேஸ் முடியட்டும் என்று வந்துவிட்டோம்.

20.2.2024

இன்று ஜெபக்கனியைக் கூண்டில் ஏற்றினார்கள். கூண்டு என்று ஒன்றும் இல்லை, மேசைக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். அவளைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானமாக உட்கார்ந்திருந்தேன். இளைத்திருக்கிறாள்.

திரவியம் கேட்டார். "ஊசி எங்க போடணும்னு தெரியுமா?"

"தெரியும் சார். தோள் எலும்புக்குக் கீழ, ரெண்டு மூணு விரல் தள்ளி."

"இவங்களுக்கு எங்க போட்டீங்க?"

ஆஸ்பத்திரி வக்கீல் இருமினார். அவள் என்னைப் பார்த்தாள். "மேல போட்டுட்டேன்."

அந்தப் பெண் உறுப்பினர் குனிந்து எழுதிக்கொண்டார்.

"தெரிஞ்சே எதுக்கு?"

"ஆம்பளைய நின்னாவ சார். அக்கா கூச்சப்பட்டாவ. கழுத்துப் பக்கம் எறக்கிப் போட்டா சங்கடம் இல்லேன்னு நெனச்சேன். கை இறுக்கமா போட்டு வந்த பொம்பளையளுக்கு எல்லாம் அன்னைக்கு அப்படித்தான் போட்டேன். காலையிலேயே ஒரு தெரை கேட்டேன். 'ஒரு நா முகாமுக்குத் தெரை என்னத்துக்கு'ன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"கைய காட்டச் சொல்லி இவங்க மறுத்ததா பதில்ல எழுதியிருக்கே?"

"அது வக்கீல் ஐயா எழுதினது. இங்கிலீசுல இருந்துச்சு. கையெழுத்துப் போடச் சொன்னாவ, போட்டேன். அக்கா ஒண்ணும் மறுக்கல. நான் கேக்கவே இல்ல."

திரவியம் உட்காரும்போது என் பக்கம் குனிந்து, "முடிஞ்சிது. ஜெயிச்சிட்டோம்" என்றார்.

வெளியே வராந்தாவில் அவளைத் தேடினேன். போய்விட்டாள். எதற்குத் தேடினேன் என்று தெரியவில்லை. எட்டு மாதம் கழித்துச் சொன்ன உண்மைக்கு நான் போய் நன்றி சொல்ல வேண்டுமாக்கும்.

4.3.2024

ஜெபக்கனியை வேலையை விட்டு எடுத்துவிட்டார்களாம். காய்கறிக் கடையில் பேசிக்கொண்டார்கள். முருங்கைக்காய் வாங்கப் போனவள் வாங்காமலேயே வந்துவிட்டேன்.

11.3.2024

வலி. எழுத வேறு ஒன்றும் இல்லை.

25.6.2024

தீர்ப்பு. ஜெயித்தோம்.

ஊசியால்தான் தோள் போனது என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் செலவு, தொழில் நஷ்டம், மன உளைச்சல் எல்லாம் சேர்த்து எதிர்மனுதாரர்கள் இருவரும், சேர்ந்தோ தனித்தனியாகவோ, கொடுக்க வேண்டும். மறைப்பு வைக்காதது ஆஸ்பத்திரியின் குறை. தவறான இடம் என்று தெரிந்தே போட்டதாக இரண்டாம் எதிர்மனுதாரர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இவர் அல்வா வாங்கிவந்தார். "சேந்தோ தனித்தனியாவோன்னா என்னங்க?" என்று கேட்டேன். "எப்படியோ பணம் வரும்" என்றார்.

13.8.2024

ஆஸ்பத்திரி அப்பீல் போய்விட்டது. பாதித் தொகையைக் கட்டி, தங்கள் மட்டுக்குத் தடை வாங்கிவிட்டார்கள். கட்டிய பணம் அங்கேயே கிடக்கும், அப்பீல் முடிகிறவரை தொட முடியாது. எத்தனை வருடம் என்று கேட்டேன். திரவியம் ஃபிரிட்ஜ்காரரை ஞாபகப்படுத்தினார்.

ஜெபக்கனி அப்பீல் போகவில்லை. வக்கீல் வைக்க வழியில்லை. ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. நான்தான் அப்படிச் சொன்னேன்.

"அப்ப தடை ஆஸ்பத்திரிக்கு மட்டுந்தாம்மா. ரெண்டாவது ஆளுகிட்ட முழுப் பணத்தையும் வசூலிக்க நாம இப்பவே நிறைவேற்று மனு போடலாம். அம்மா வழியில வந்த வீடு அவங்க பேர்லதான் இருக்கு. ஜப்தின்னு ஒரு நோட்டீஸ் போனா எப்படியாவது பெரட்டிருவாங்க" என்றார் திரவியம்.

"பேருக்குத்தான்னு சொன்னீங்களே சார்."

"அன்னைக்கு அப்படித்தாம்மா இருந்துச்சு."

16.8.2024

மதுரை டாக்டரிடம் காட்டினோம். இந்த வருடத்துக்குள் செய்தால் பலன் உண்டு, அதற்குப் பிறகு தம்மால் உறுதி சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் திரும்பும்போது மேலே கம்பியைப் பிடிக்க முடியாமல் ஒரு பையன்மேல் விழுந்தேன். "பாத்து நில்லுங்கம்மா" என்றான்.

வீட்டில் இவர் சொன்னார். "அவ பாவந்தான். நீயும் பாவந்தானே. அவளுக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கு. எங்கயும் வேல கெடைக்கும்."

மெஷின்மேல் போர்த்தியிருந்த துணியை உதறிப் போட்டேன். ஒரே தூசி.

2.9.2024

மத்தியானம் திரவியம் ஆபீசில் நிறைவேற்று மனுவில் கையெழுத்துப் போட்டேன். நான்கு இடத்தில். அவள் என் மேல் பொய் எழுதிக் கொடுத்தவள்தானே என்று ஒவ்வொரு இடத்திலும் நினைத்துக்கொண்டேன். மூன்றாவது கையெழுத்தில், பிறகு வந்து உண்மையைச் சொன்னவளும் அவள்தான் என்று ஞாபகம் வந்தது. அந்த உண்மையைச் சொல்லாமலே இருந்திருந்தால் அவள் வீட்டுக்கு ஒன்றும் வந்திருக்காது. நான்காவதையும் போட்டேன். கையெழுத்துப் போடத் தோளைத் தூக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். வாசலில் செருப்புச் சத்தம். ஜெபக்கனி.

"கேஸுதான் முடிஞ்சிட்டே, இனிமே பேசினா யாரு கேக்கப் போறா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். தானே போய்த் தண்ணீர் மொண்டு குடித்தாள். ஒன்றரை வருடம் வராதவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்காரன் அப்பீல் போயிருக்கானாம்லா? போவட்டும்க்கா. கடைசில அவன்தானே குடுக்கணும்" என்றாள்.

நான் அடுப்பை அணைக்கப் போனேன். அடுப்பு எரியவில்லை.

"அதுவரைக்கும் கைய இப்படியே போட்டு வச்சா கல்லாயிரும்க்கா. அங்க பிசியோ பாக்குற பிள்ளகிட்ட எல்லாம் கேட்டு வச்சிருக்கேன். இப்ப வேலையும் இல்ல, சாயங்காலம் சும்மாத்தான இருக்கேன். உக்காரு."

பாயில் உட்கார வைத்தாள். பின்னால் மண்டியிட்டு, ஒரு கையால் தோளை அழுத்திப் பிடித்து, மறு கையால் என் முழங்கையைத் தாங்கி மெல்ல மேலே கொண்டுபோனாள். நிற்கிற இடத்தில் நிறுத்தி, மூச்சு விடச் சொல்லி, இன்னும் ஒரு விரல்கடை ஏற்றினாள். இரண்டு வருடத்தில் என் கை அவ்வளவு உயரம் போனதில்லை. காது மட்டத்துக்கு வந்துவிட்டது.

"வலிக்காக்கா?"

இல்லை என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வலி என்று நினைத்துக்கொண்டு அவள் பிடியைத் தளர்த்தினாள்.

சொல்லிவிடலாமென்று இரண்டு தடவை வாயெடுத்தேன். முதல் தடவை இவர் கடையிலிருந்து வந்துவிட்டார். அவளைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பித் தெருவுக்குப் போய்விட்டார். இரண்டாம் தடவை யாரும் வரவில்லை.

நோட்டீஸ் போய்ச் சேரப் பத்து நாளாவது ஆகும் என்று திரவியம் சொல்லியிருக்கிறார்.

புறப்படும்போது, "தெனம் செஞ்சாத்தான் பலன் தெரியும். நாளைக்கும் வாரேன்க்கா" என்றாள்.

வா என்றேன்.